செங்கோட்டை எந்த மாவட்டம்?

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. பேத்தி தத்தித் தத்தி நடக்கிறாள் என்று படித்ததும் எங்கள் வீட்டிலும் ஒரே சந்தோஷம். என் முழங்கால் வலி பரவாயில்லை.

ஓய்வுபெற்று என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். விக்கித்தரவில், அதாவது யாரும் திருத்தக்கூடிய இணையத் தகவல் களஞ்சியத்தில், நம் பக்கத்து ஊர்களின் பதிவுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அங்கே எல்லாச் செய்தியும் மூன்று சொல்தான்: செங்கோட்டை, மாவட்டம், தென்காசி. ‘எப்போது’ என்பதற்கு அந்த மூன்றில் இடமில்லை.

உன் ஊரையே எடுத்துக்கொள். 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானம். அப்புறம் திருவிதாங்கூர்–கொச்சி. 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்துக்கு வந்து நெல்லை மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம்.

புது மாவட்டம் வந்ததும் ‘திருநெல்வேலி’யை அழித்துவிட்டுத் ‘தென்காசி’ என்று எழுதினால் போதும் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். வாஞ்சிநாதன் பதிவைப் பார்க்கும்போதுதான் உறைத்தது. அவர் 1886இல் பிறந்தது செங்கோட்டையில். ஊரைப் பிடித்து மாவட்டம், மாவட்டத்தைப் பிடித்து மாநிலம் என்று போகும் கணினி, தமிழ்நாட்டுத் தென்காசி மாவட்டத்தில் பிறந்தவர் என்று சொல்லிவிடும். அவர் பிறந்தபோது அது திருவிதாங்கூர் மகாராஜாவின் நாடு. 1911இல் நெல்லை கலெக்டர் ஆஷைச் சுட்ட மணியாச்சி பிரிட்டிஷ் சீமை. அந்த எல்லைக்கோடு தெரியாமல் போனால் அவர் கதையில் பாதி புரியாது.

அதனால் பதிவில் உள்ள எந்தச் செய்தி வரியையும் அழிப்பதில்லை. வரியின் மேலேயே தொடக்க நாள், முடிவு நாள் என்று குறித்துவிடலாம். திருநெல்வேலி 1956 முதல் 2019 வரை. தென்காசி 2019 முதல். தென்காசிக்கு முன்னுரிமை கொடுத்தால், சும்மா கேட்பவருக்கு அது மட்டும் கிடைக்கும். பழையதைத் தேடுபவருக்கு எல்லாமே கிடைக்கும். முடிவு நாள் வெறுமையாக இருந்தால்தான் குழப்பம். இன்னும் தொடர்கிறதா, முடிந்த நாள் தெரியவில்லையா? அதற்கும் ‘மதிப்பு இல்லை’, ‘மதிப்பு தெரியாது’ என்று தனித்தனியாகக் குறிக்க வழி வைத்திருக்கிறார்கள். இதை யோசித்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

என்னால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். பழைய வரிக்கு ‘கைவிடப்பட்டது’ என்று முத்திரை குத்துவது. அது தப்பான செய்திக்கு உரியது. செங்கோட்டை நெல்லை மாவட்டத்தில் இருந்தது தப்பில்லையே, அறுபத்து மூன்று வருஷம் உண்மையாக இருந்து முடிந்த விஷயம். நீ பள்ளிக்கூடச் சான்றிதழில் எழுதிய மாவட்டம் அதுதானே?

உங்கள் தாத்தா காலத்துப் பத்திரங்கள் பரணில் இருப்பதாகச் சொன்னாயே, திருவிதாங்கூர் முத்திரை போட்டவை. செங்கோட்டைத் தாலுகாவை அதில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பு. தேதி கொல்லம் ஆண்டில் இருந்தால் நீ மாற்ற வேண்டாம், அப்படியே அனுப்பு. நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி