'நெட் வரும்' என்று சொல்வதற்கு முன்: டேப்லெட் தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

டேப்லெட் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும், அதைக் கடையில் எடுத்துக் காட்டி விற்பவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. போனில் தெரியும் எழுத்து அவருக்குச் சிறிதாகிவிட்டதால் ஒரு டேப்லெட் வாங்கினோம். கடையில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இதுல நெட் வருமா?" விற்பனையாளர், "நல்லா வரும் சார்" என்றார். வீட்டுக்கு வந்து வைஃபை பாஸ்வேர்ட் போட்டதும் வந்தது. ஆறு மாதம் வரை அந்தப் பதிலில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் மருத்துவரைப் பார்க்கத் தனியாகப் போனார். ஸ்கேன் அறிக்கை மின்னஞ்சலில் இருந்தது. பெரிய திரையில் காட்டலாமே என்று டேப்லெட்டைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறார். காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து திறந்து பார்த்தால் ஒன்றும் வரவில்லை. எனக்குப் போன் செய்தார். "டேப்லெட் கெட்டுப்போச்சும்மா." அதற்குப் பிறகு நான் எத்தனை முறை கூப்பிட்டும் அவர் போனுக்கு மணி போகவில்லை. பதறிக்கொண்டு ஓடினேன்.

போய்ப் பார்த்தால், போனிலிருந்த சிம்மைக் கழற்றி டேப்லெட்டுக்குள் வைத்திருந்தார். ஓரத்தில் ஒரு சின்னத் துளை தெரிந்திருக்கிறது; காகிதச் சீட்டில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்து அதில் அழுத்தியிருக்கிறார்; தட்டு வெளியே வந்திருக்கிறது. அது சிம்முக்கான தட்டு இல்லை, மெமரி கார்டுக்கான தட்டு. நானோ சிம் 12.3 மில்லிமீட்டர் நீளம், 8.8 மில்லிமீட்டர் அகலம். மைக்ரோ எஸ்டி கார்டு 15க்கு 11. அதனால் சிம் அந்தப் பள்ளத்தில் பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதை விரலால் ஓரமாகத் தள்ளித் தள்ளிச் சரி செய்து பார்த்திருக்கிறார். "நான்தான் எதையோ தப்பா அழுத்திட்டேன் போல" என்று என்னிடம் சொன்னார்.

இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். அவர் எதையும் தப்பாக அழுத்தவில்லை. அது வைஃபை மட்டும் உள்ள டேப்லெட். வெளியில் தானாக இணையத்தோடு இணைய அதற்கு வழியே கிடையாது. இதை வாங்கும் அன்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். "நெட் வரும்" என்ற பதில் பொய் இல்லை. ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதியை அவர் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

உங்களுக்கு இதெல்லாம் தினமும் புழங்கும் விஷயம். அதனாலேயே, வாங்குகிறவர் மனதில் இது எப்படி இருக்கிறது என்பது உங்கள் கண்ணில் படாமல் போகலாம். வீட்டில் டேப்லெட் பேசுவது ரவுட்டரோடு, அதாவது வைஃபை அலையை அனுப்பும் பெட்டியோடு மட்டும்தான். ரவுட்டருக்கு அப்பால் மோடம், வீட்டுக்குள் வரும் கேபிள், சேவை தருபவரின் வலைப்பின்னல் என்று அது வேறு பாதை. வைஃபை அலை வீட்டைச் சுற்றிச் சில பத்து மீட்டர் போகும். சுவர் குறுக்கிட்டால் இன்னும் குறையும். ஆனால் அப்பாவின் கணக்கு வேறு. "மாசாமாசம் நெட்டுக்குப் பணம் கட்டுறோம், அப்புறம் வெளியில ஏன் வரல?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கட்டும் பணம் வீட்டுக்கு வரும் கேபிளுக்கு, டேப்லெட்டுக்கு அல்ல என்பதை யாராவது சொன்னால்தானே தெரியும்?

திரையின் மேலே தெரியும் விசிறி போன்ற வைஃபை சின்னமும் இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. டேப்லெட்டுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. வெளியே கேபிள் அறுந்து கிடந்தாலும் கோடுகள் முழுதாக நிற்கும். ஆண்ட்ராய்டில் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போடுகிறீர்கள். வயதானவர் கண்ணுக்கு அது ஒரு தூசி மாதிரித்தான் தெரியும். "ஃபுல்லா சிக்னல் இருக்கே" என்று சொல்பவரிடம் நான் எத்தனையோ முறை இதை விளக்கியிருக்கிறேன்.

வெளியில் போனால் என்ன வழி என்பதில் முதல் சிக்கல் சிம். 2010இல் முதல் ஐபேட் வந்தபோதே இது தொடங்கிவிட்டது: ஏப்ரல் தொடக்கத்தில் வைஃபை மட்டும் உள்ளது வந்தது, அதே மாதக் கடைசியில் 3ஜியும் சேர்ந்தது வந்தது. அன்று முதல் ஒரே பெயர், ஒரே முகம், உள்ளே இரண்டு வேறு கருவிகள். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் எல்டிஇ என்றோ 5ஜி என்றோ செல்லுலார் என்றோ இருக்கும். அந்தச் சொல் இல்லாவிட்டால் வெளியில் நெட் இல்லை என்று அர்த்தம். இல்லாத ஒரு சொல்லை வைத்து வாங்குகிறவர் எப்படிப் புரிந்துகொள்வார்? ஓரத்தைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. தட்டு இருந்தாலும் அது மெமரி கார்டுக்கானதாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. தட்டு இல்லாவிட்டாலும் உள்ளே இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம் இருக்கலாம்.

வரைபடத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ், அதாவது செயற்கைக்கோள் வழியாக இடத்தைக் கண்டறியும் வசதி கிடையாது. சுற்றியிருக்கும் வைஃபை வலைகளை வைத்து இடத்தை அனுமானிக்கிறது. காரில் வழி பார்க்கவென்றே ஒருவர் வாங்கினால் அவருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! பெட்டியின் முன்பக்கத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது ஹாட்ஸ்பாட், அதாவது போனின் நெட்டை வைஃபையாக மற்ற கருவிகளுக்குப் பகிரும் வசதி. அப்பாவுக்கு அன்று நான் செய்து கொடுத்தது இதுதான். சிம்மைப் போனில் திரும்பப் போட்டு, ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தேன். டேப்லெட்டில் என் கண் முன்னாலேயே அறிக்கை திறந்தது. மருத்துவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மனம் நிறைந்தது. ஆனால் சாயங்காலத்துக்குள் அப்பாவின் போனில் டேட்டா தீர்ந்துவிட்டது. யாரும் படம் பார்க்கவில்லை, பாட்டு கேட்கவில்லை. டேப்லெட்டுக்குப் போனின் ஹாட்ஸ்பாட்டும் ஒரு வைஃபைதான். வைஃபை கிடைத்ததும் அப்டேட் ஏற்றவும், புகைப்படங்களை மேலே அனுப்பவும் நீங்கள்தான் அதைப் பழக்கியிருக்கிறீர்கள். வீட்டில் அது நல்ல பழக்கம், ஹாட்ஸ்பாட்டில் அது பணத்தைக் கரைக்கும். நிறுத்த வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அந்த இணைப்பை அளவுக்கு உட்பட்டது என்று குறித்து வைக்கலாம். ஐபேடில் 2019 முதல் டேட்டா செலவைக் குறைக்கும் லோ டேட்டா மோட் இருக்கிறது. இரண்டும் செட்டிங்ஸுக்குள் வைஃபை, அதற்குள் அந்த இணைப்பின் பெயர், அதற்கும் உள்ளே போனால்தான் கிடைக்கும். எழுபது வயதுக்காரர் அங்கே போய்த் தேடுவார் என்று எதிர்பார்க்கலாமா?

பெரிய திரை என்பதால் வீடியோவும் தெளிவாக வேண்டும் என்று தோன்றும். சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, எச்டியில் 3 ஜிபி வரை போகலாம். இதையும் வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

பொது இடங்களின் வைஃபை பற்றி ஒன்றே ஒன்று. பல இடங்களில் இணைந்ததாகக் காட்டினாலும், உலாவியைத் திறந்து ஒரு பக்கத்தில் எண்ணையோ சம்மதத்தையோ கொடுத்த பிறகுதான் நெட் திறக்கும். மின்னஞ்சல் செயலியோ "இணைப்பு இல்லை" என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது.

தயாரிப்பவர்களே, பெட்டியின் முன்பக்கத்தில், டேப்லெட் படத்துக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் போடுங்கள்: "வைஃபை இருக்கும் இடத்தில் மட்டும் இணையம். சிம் வசதி இல்லை." மெமரி கார்டு தட்டின் மேல் சிம் இல்லை என்று ஒரு சின்ன ஒட்டுத்தாள் போதும். வெளியில் நெட் இல்லாதபோது "இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று திரையில் காட்டாதீர்கள். என்னவென்று அவர் சரிபார்ப்பார்? "இந்த டேப்லெட்டில் சிம் கிடையாது. உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைக்கலாம்" என்று காட்டுங்கள். ஒரு புதிய வைஃபையில் முதல் முறை இணையும்போதே, "இது போனிலிருந்து வரும் இணைப்பா?" என்று கேட்டு, ஆம் என்றால் அப்டேட்டை நீங்களே நிறுத்தி வையுங்கள்.

விற்பவர்களே, விலை அதிகமானதைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. வீட்டைவிட்டு வெளியே போகாத டேப்லெட்டுக்கு வைஃபை மட்டுமே போதும், சிம் உள்ளதற்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண். சிம் உள்ளது வேண்டுமென்பவரிடம், ஐபேடில் அந்த சிம் டேட்டாவுக்குத்தான், போனில் போல எண்ணை அழுத்திப் பேச முடியாது என்பதையும் சொல்லுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். "நெட் வருமா?" என்று யாராவது கேட்டால், "வீட்டிலேயே வச்சுப் பார்ப்பீங்களா, வெளியில எடுத்துட்டுப் போவீங்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். வெளியில் என்றால், பில் போடுவதற்கு முன் அவர் போனிலேயே, அவர் விரலாலேயே ஹாட்ஸ்பாட்டை ஒருமுறை போட வையுங்கள். இரண்டு நிமிடம் ஆகும்.

அப்பா இப்போது கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே அறிக்கையை டேப்லெட்டில் சேமித்துக்கொள்கிறார். ஹாட்ஸ்பாட் போடவும் தெரியும். அடுத்த மாதம் என் சித்தி ஒரு டேப்லெட் வாங்கப் போகிறார். நான் கூடப் போக முடியாது. அவரும் கடையில் நின்று "நெட் வருமா?" என்றுதான் கேட்பார்.

அன்புடன்,
டேப்லெட் வாங்கிய ஒருவரின் மகள்