செயலாளரின் ஆண்டறிக்கை: நாமே செய்த ஆன்டெனாக்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவு செய்தபடி, நம் மன்றத்தின் இந்த ஆண்டுப் பயிற்சிகள் முழுவதையும் ட்ரோன் ரிமோட்டுக்கான ஆன்டெனா செய்வதற்கே ஒதுக்கினோம். மற்ற பணிகள் வழக்கம்போல் நடந்தன; வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

கம்பியைத் தொடுவதற்கு முன், கையில் இருக்கும் ஆன்டெனாவைச் சரியாகப் பிடிக்கப் பழகினோம். குச்சி ஆன்டெனாவின் நுனியை ட்ரோனை நோக்கி நீட்டுவது பலருடைய வழக்கம். ஆனால் நுனித் திசையில்தான் அது மிகக் குறைவாக அலை வீசுகிறது. பக்கவாட்டைத்தான் காட்ட வேண்டும். ரிமோட்டின் ஆன்டெனா நிமிர்ந்தும் ட்ரோனில் உள்ள ரிசீவரின் ஆன்டெனா படுத்தும் இருந்தால் 20 டெசிபெல் (சமிக்ஞை வலிமை எத்தனை மடங்கு கூடுகிறது, குறைகிறது என்பதைச் சொல்லும் அலகு) வரைகூட இழப்பு நேரலாம். எட்டும் தூரம் இரு மடங்காக 6 டெசிபெல்தான் தேவை என்பதை நினைத்தால், எவ்வளவு வீணாக்கிவந்தோம் என்பது புரியும். இந்த ஆண்டின் மிகப் பெரிய பயன் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, இரட்டைச் சதுர ஆன்டெனா. நம் ரிமோட்டுகள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு, அதாவது 31 மில்லிமீட்டர், சதுரத்தின் ஒரு பக்கம். ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் செம்புக் கம்பியை, மூலையில் சந்திக்கும் இரு சதுரங்களாக வளைத்து, அதன் பின்னால் 15 மில்லிமீட்டர் இடைவெளியில் உலோகத் தகடு பொருத்தினோம். நன்றாக அமைந்தால் சுமார் 10 டெசிபெல் ஆதாயம் (அலையை ஒரு திசையில் குவிப்பதால் கிடைக்கும் கூடுதல் வலிமை) தரும் வடிவம் இது. சுமார் 2 டெசிபெல் தரும் சாதாரண குச்சி ஆன்டெனாவைவிட 8 டெசிபெல் கூடுதல் என்றால், திறந்த வெளியில் எட்டும் தூரம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆனால் வீச்சுக் கோணம் குறுகிவிடும். ட்ரோன் தலைக்கு மேலோ முதுகுக்குப் பின்னாலோ போனால் இணைப்பு பலவீனமாகும். ஜப்பானில் 1926-இல் வெளியான யாகி-உதா வடிவத்தையும் (ஒரு தண்டில் பல கம்பிகளை வரிசையாகப் பொருத்தியது) சிலர் செய்து பார்த்தார்கள். அதில் கம்பிகளின் நீளம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால், தொடங்குபவர்களுக்கு இரட்டைச் சதுரத்தையே பரிந்துரைக்கிறேன்.

கேபிளில் கவனம் வேண்டும். ஆன்டெனாவை ரிமோட்டோடு இணைக்கும் கோஆக்சியல் கேபிள் மிக மெல்லியதாக இருந்தால், இந்த அலைவரிசையில் மீட்டருக்கு 2 டெசிபெலோ அதற்கு மேலுமோ விழுங்கிவிடும். கூடியவரை குட்டையாக வையுங்கள். கேபிள் நுனியில் வரும் எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இருவகைக் கனெக்டர்கள் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும். ஆனால் நடுவில் ஊசி தொடாமலே போகலாம். ஆன்டெனா இல்லாமல் ரிமோட்டை இயக்குவதற்கு ஒப்பானது அது. அலைபரப்பும் பகுதி பழுதாகக்கூடும்.

கம்பியை வளைத்ததும் வேலை முடிந்துவிடாது, அளந்து பார்க்க வேண்டும். நிலை அலை விகிதம் (ஆன்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்புவதைக் காட்டும் அளவு) 2 என்றால் அனுப்பும் திறனில் சுமார் 11 விழுக்காடு திரும்பி வருகிறது. அதற்குள் இருந்தால் போதும். அளவுக் கருவி வாங்குவோர் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டுகிறதா என்று பாருங்கள். மலிவான பல கருவிகள் 1.5 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகின்றன.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு ட்ரோனை அனுப்புவதற்காக நாம் ஆன்டெனா செய்யவில்லை. கண்ணெதிரே பறக்கும்போது மரம் குறுக்கிட்டாலும் இணைப்பு அறாமல் இருப்பதற்கான கையிருப்பே இந்த ஆதாயம். பல நாடுகளில் அனுமதிக்கப்பட்ட திறன் ஆன்டெனாவின் ஆதாயத்தையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. ஆதாயம் கூடினால் ரிமோட்டின் திறனைக் குறைக்க வேண்டிவரலாம். அப்போதும் ட்ரோனிலிருந்து வரும் சமிக்ஞையைத் தெளிவாகப் பெற நல்ல ஆன்டெனா உதவும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன்: மன்றத்துக்கென ஓர் அளவுக் கருவி வாங்குவது, புதிய ஆன்டெனாவோடு பறக்கவிடும் எவரும் இணைப்பு அறும்போது ட்ரோன் என்ன செய்கிறது என்பதைத் தரையிலேயே சோதித்துக்காட்டுவது.

பொறுமையாகச் சாலிடர் செய்யக் கற்றுக்கொடுத்த மூத்த உறுப்பினர்களுக்கு நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்