போனை வீட்டில் வைத்துவிட்டுப் போ, பிள்ளை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். காலபோகத்துக்கு விதைத்தாயிற்று, இனி மழை பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீ ஞாயிறு கதைத்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. சாமத்திலும் வேலை ஈமெயில் பார்க்கிறாய், நெஞ்சு இறுக்குகிறது என்கிறாய். போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய். அதுதான் எழுதுகிறேன்.

கொஞ்ச நேரம் வெளியே போய் இரு. நடக்கச் சொல்லவில்லை. நடந்தால் எத்தனை அடி என்று எண்ணி அதையும் ஒரு வேலையாக்கிவிடுவாய். போனை வைத்துவிட்டு ஒரு மரத்தடியில் சும்மா இரு.

போர் முடிந்து 2010 இல் மீள்குடியேறி வந்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அந்தப் பக்கம் கால் வைக்கமாட்டோம். விறகுக்குப் போகவும் மிதிவெடிப் பயம். காடும் வெளியும் நிம்மதி தந்த காலமல்ல அது. உளவளத்துணைக்கு வந்த பிள்ளை ஒருத்தி பொதுநோக்கு மண்டபத்தில் எங்களை இருத்தி, மூச்சை மெதுவாக விடப் பழக்கினாள். எனக்குக் கண்ணை மூடினால் வேறு காட்சிகள் வரும். "அப்ப கண்ணைத் திறந்துகொண்டு வெளியில செய்யுங்கோ அம்மா" என்றாள். அப்படித்தான் பின்னேரங்களில் இரணைமடுக் குளத்து வாய்க்கால் கரைக்குப் போகத் தொடங்கினேன்.

போய் இருந்த உடனே மனம் அடங்காது. கடன், அரிசி விலை, உன் படிப்பு எல்லாம் வரும். வரட்டும் என்று விட்டுவிட்டுக் காதுக்கு வேலை கொடுப்பேன். வளைவில் தண்ணீருக்கு ஒரு சத்தம், நேராக ஓடும் இடத்தில் வேறு சத்தம். ஆக்காட்டிக் குருவி கத்தினால் ஆளோ நாயோ வருகிறது. மருதமரத்தில் கை வைத்தால் வெயில் பட்ட பக்கம் சுடும், மற்றப் பக்கம் குளிரும். முசுறு எறும்பு வரிசையாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கையில், இறுகிப்போயிருந்த தோள் தன்பாட்டில் இறங்கிவிடும். அழுகை வந்த நாளும் உண்டு. வந்தால் அழு, அடக்காதே.

தம்பி ஒன்று வாசித்துச் சொன்னான். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் விசாரித்து 2019 இல் ஓர் ஆய்வு வந்ததாம். கிழமைக்கு 120 நிமிடமாவது மரஞ்செடி உள்ள வெளியில் கழிப்பவர்களுக்கு, அப்படிப் போகாதவர்களை விட உடல்நலமும் மனநிறைவும் கூடுதலாக இருப்பதாகச் சொன்னார்களாம். ஒரே தடவையாக இருந்தாலும் சரி, பிரித்துப் பிரித்து இருந்தாலும் சரியாம். கணக்குப் பார்த்தால் நாளுக்கு இருபது நிமிடம்கூட இல்லை. உனக்கு அதற்குமா நேரமில்லை?

கனடாவில் உங்கள் ஸ்காபரோவில் ரூஜ் காடு இருக்கிறதே, லீவு நாளில் அங்கே போ. வேலை நாளில் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு மரம் போதும். ஆனால் அதே மரத்தடிக்கே போ. நேற்று இருந்த இலை இன்று இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் படும். குளிருக்குத் தொப்பியும் கையுறையும் போடு.

நெஞ்சு இறுக்கத்தை மட்டும் மரத்தடியில் இருந்து மாற்றலாம் என்று இராதே. இந்தக் கிழமையே டொக்டரிடம் காட்டு. வேலை கூட என்று மேலிடத்தில் வாய் திறந்து சொல்லு.

மாமி அடுத்த மாதம் அங்கே வருகிறா. ஒடியல் மாவும் மோர் மிளகாயும் கொடுத்து விடுகிறேன். டொக்டர் என்ன சொன்னவர் என்று ஞாயிறு சொல்லு.

அன்புடன்,
அம்மா