சாந்தோமில் நம்பிக்கை எது, பதிவு எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் ஞாயிறு இணைப்பில் சாந்தோம் பேராலயத்தைப் பற்றி வெளியான பயணக் கட்டுரையைப் படித்தேன். ஊர் தெரியாத ஒருவர்கூட அதைக் கையில் வைத்துக்கொண்டு புறப்பட்டு வந்துவிடலாம் என்னும் அளவுக்கு எளிமையாக எழுதப்பட்டிருந்தது. படங்களும், ஒன்றைத் தவிர, நன்றாகவே வந்திருந்தன. அப்படிப் புறப்பட்டு வருகிறவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால்தான் இக்கடிதம். பக்தர்கள் நம்புவது, செவிவழி மரபு சொல்வது, ஏட்டில் பதிவாகியிருப்பது ஆகிய மூன்றையும் கட்டுரையாளர் ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போகிறார். அந்தப் பங்கிலேயே ஞானஸ்நானம் பெற்று, இன்றும் அங்கேயே பூசை காணும் என்னைப் போன்றவர்களுக்கு இதனால் சங்கடம்தான் மிஞ்சுகிறது. மூன்றையும் பிரித்துச் சொன்னால் வருகிறவர் பார்க்கவும் யோசிக்கவும் இன்னும் நிறையக் கிடைக்கும் என்பது என் துணிபு.

முதலில் கட்டடம். போர்த்துகீசியர் 1523-இல் கட்டிய ஆலயம் இது என்று கட்டுரை தொடங்குகிறது. இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களில் ஒருவரான புனித தோமையாரின் கல்லறை என்று நம்பப்படுவதைப் போர்த்துகீசியர் அந்த ஆண்டில் தோண்டிப் பார்த்ததும், அதையொட்டி ஓர் ஆலயம் எழுப்பியதும் உண்மை. ஆனால் அந்த ஆலயம் இன்று இல்லை. 1893-இல் அது அகற்றப்பட்டு, மயிலை ஆயர் ஹென்றிக் ஜோசே ரீட் த சில்வாவின் காலத்தில், கேப்டன் ஜே. ஏ. பவர் என்னும் ராணுவப் பொறியாளரின் வடிவமைப்பில், நவ கோதிக் பாணியில் இப்போதுள்ள பேராலயம் கட்டப்பட்டது. 1896 ஏப்ரல் 1-ஆம் தேதி அர்ச்சிக்கப்பட்டது, அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடமும் கன்னிமரா நூலகமும் எழுந்த காலத்தைச் சேர்ந்தது இது என்று சொன்னால் சென்னைவாசிகளுக்குச் சட்டென்று விளங்கிவிடும். சாந்தோம் நெடுஞ்சாலையில் பேருந்தில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது 155 அடி உயரமுள்ள பெரிய கோபுரத்தை. கூரையின் நடுவே எழும் சிறிய கோபுரத்தைப் பலர் கவனிப்பதே இல்லை, கட்டுரையாளரும் கவனிக்கவில்லை. கட்டியவர்கள் அதை அழகுக்காக மட்டும் வைக்கவில்லை. கல்லறை இருக்கும் இடத்தைக் காட்டுவதற்காகவே அந்த இடத்துக்கு மேல் அதை எழுப்பினார்கள். பேராலயத்துக்குள் நுழைவதற்கு முன்பே, முற்றத்தில் நின்றபடி, எந்த இடத்தை நோக்கி இவ்வளவும் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்வையாளர் அந்தக் கோபுரத்தைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

கல்லறைக்கு இப்போது பேராலயத்துக்குள்ளிருந்து போக வேண்டியதில்லை. மேலே திருப்பலி நடந்துகொண்டிருந்தாலும் இடையூறில்லாமல் வந்து போக வசதியாக, 2004-இல் நடந்த புதுப்பிப்பின்போது பின்புறமாகத் தனி வழி அமைக்கப்பட்டது. படிகளில் இறங்கினால் சிற்றாலயம்; பீடத்தருகே சாய்ந்து படுத்த நிலையில் புனித தோமையாரின் உருவம். சாலையின் இரைச்சல் அங்கே எட்டுவதில்லை. கேரளத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். மீன் கூடையை வெளியில் ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்து, ஓரிரு நிமிடம் முழந்தாளிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடும் குப்பத்துப் பெண்களையும் பார்க்கலாம். தங்கள் கட்டுரையில் இந்தச் சிற்றாலயத்துக்கு ஒரே ஒரு வரிதான். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்கு ஒரு பத்தி முழுவதும்.

அந்த ஒரு வரியிலும், தோமையாரின் எலும்புகள் இங்கே இருக்கின்றன என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டார்கள். திருச்சபையின் தொன்மையான மரபே வேறு மாதிரி சொல்கிறது. எலும்புகளின் பெரும்பகுதி வெகு காலத்துக்கு முன்பே, இன்றைய துருக்கியிலுள்ள எடெசா நகருக்குக் கொண்டுபோகப்பட்டது. 4-ஆம் நூற்றாண்டில் சிரியக் கவிஞரான புனித எபிரேம் அதைப் பாடியிருக்கிறார். பின்னர் கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்கும், அங்கிருந்து 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் அவை சென்றன. இந்திய அஞ்சல் துறை 1964-இல் புனித தோமையாருக்கு வெளியிட்ட அஞ்சல் தலையில் இருப்பதும் அந்த ஒர்த்தோனா பேராலயத்தின் சிலைதான். சாந்தோமில் இருப்பது அவர் முதலில் அடக்கம் செய்யப்பட்டதாக நம்பப்படும் இடமும், அவரது எலும்பின் சிறு பகுதியான திருப்பண்டமும், அவரைக் குத்திய ஈட்டியின் முனை என்று போற்றப்படுவதும். 1523-இல் தோண்டியபோது எலும்புகளோடு ஓர் ஈட்டிமுனையும் மண் நிரம்பிய கலயமும் கிடைத்ததாகப் போர்த்துகீசியர் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த விவரத்தை உள்ளபடி சொன்னால் பக்தி குறைந்துவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. 1986 பிப்ரவரி 5-ஆம் தேதி திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து மன்றாடியபோது, ஒர்த்தோனாவைப் பற்றி அறியாமல் வந்திருக்கமாட்டார்.

போர்த்துகீசியருக்கு முந்தைய சாட்சி எதையும் கட்டுரை தொடவில்லை என்பது எனக்குப் பெரிய ஏமாற்றம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, தோமையாரின் உடல் ஒரு சிற்றூரில் இருப்பதாகவும், கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வருவதாகவும், அவர் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுப்பதாகவும் குறித்திருக்கிறார். தோமையாரின் மரணத்தைப் பற்றி அவர் சொல்வது நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட கதையே அல்ல. துறவி தன் குடிலுக்கு வெளியே மயில்கள் சூழ ஜெபித்துக்கொண்டிருந்தபோது, மயிலைக் குறிவைத்து ஒருவன் விட்ட அம்பு தவறி அவர்மீது பட்டதாம். பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு வேதசாட்சியாக இறந்தார் என்பது பின்னாளில் நிலைபெற்ற வழக்கு. இரண்டில் எதை நம்புவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் மயிலாப்பூரைப் பற்றிய ஒரு கட்டுரையில் அந்த மயிலுக்கு இடமில்லாமல் போனது சரியல்ல.

திருத்தூதரின் கல்லறைமேல் அமைந்த ஆலயங்கள் உலகில் மூன்றே, அவை உரோமையின் புனித பேதுரு, ஸ்பெயினின் சந்தியாகோ, நம் சாந்தோம் என்னும் வாசகமும் கட்டுரையில் இடம்பெற்றிருக்கிறது. இதை எத்தனையோ துண்டுப் பிரசுரங்களில் படித்தாயிற்று. உரோமையிலேயே புனித பவுலின் கல்லறைமேல் ஒரு பெருங்கோவில் உண்டு. சலேர்னோவில் மத்தேயுவுக்கும் அமால்ஃபியில் அந்திரேயாவுக்கும் பேராலயங்கள் உண்டு. சாந்தோமுக்கு இந்தக் கணக்கு தேவையுமில்லை. 1606-இல் தனி ஆயரைக் கொண்ட மறைமாவட்டமான ஊர். பிரான்சிஸ் சவேரியார் 1545-இல் சில மாதங்கள் தங்கிய ஊர். 1956-இல் பசிலிக்கா எனப்படும் பெருங்கோவிலாகவும் 2006-இல் தேசியத் திருத்தலமாகவும் உயர்ந்த ஆலயம். இவையெல்லாம் தேதியோடு இருக்க, ஐயத்துக்கிடமான பெருமை எதற்கு?

பேராலயத்துக்குப் பின்னால் கடலைப் பார்த்து நிற்கும் தோமையார் கம்பத்தைப் பற்றி எழுதும்போது சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும். கடல் அந்தக் கம்பத்தைத் தாண்டாது என்பது பழைய நம்பிக்கை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஆலயத்தைத் தொடவில்லை என்பதையும், பதறி ஓடிவந்தவர்களுக்கு ஆலயம் அடைக்கலம் தந்தது என்பதையும் நாங்கள் அறிவோம். அதே காலையில், அதே கரையில், நடந்தே போய்விடக்கூடிய தொலைவிலுள்ள சீனிவாசபுரத்தில் உயிர்கள் போயின. அதைச் சொல்லாமல் கம்பத்தின் அற்புதத்தை மட்டும் சொல்வது, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் எப்படி விழும் என்று கட்டுரையாளர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

கபாலீசுவரர் கோயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருஞானசம்பந்தர் பாடிய கோயில் இன்றைய சாந்தோம் பக்கமாகக் கடற்கரையை ஒட்டி இருந்தது, இப்போதுள்ள கோயில் போர்த்துகீசியர் வருகைக்குப் பிந்தியது என்பது வரலாற்று ஆய்வாளர் பலரின் கருத்து. சாந்தோம் பகுதியில் பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. இதைப் பேசினால் சண்டை வருமென்று பயந்து கட்டுரைகள் ஒதுங்கிவிடுகின்றன; ஒதுங்குவதால்தான் அது வதந்தியாகச் சுற்றுகிறது. மயிலாப்பூரில் எல்லாச் சமயத்தாரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்கிறோம். நிதானமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

கண்ணால் கண்டு தொல்சான்றை உணர விரும்புகிறவர்கள் சாந்தோமோடு நின்றுவிடக் கூடாது என்றும் தாங்கள் எழுதியிருக்க வேண்டும். பரங்கிமலை ஆலயத்தின் பீடத்தில் பஹ்லவி என்னும் பழைய பாரசீக எழுத்துப் பொறித்த கற்சிலுவை இருக்கிறது. 1547-இல் அங்கே நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த அது, போர்த்துகீசியர் கப்பலேறும் முன்பே இந்தப் பக்கம் கிறிஸ்தவர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு எந்தப் பிரசங்கத்தையும்விட வலுவான சாட்சி. வழியில் சைதாப்பேட்டையின் சின்னமலையையும், 1516 என்று ஆண்டு பொறித்த, காட்டுக் கோயில் என்று நாங்கள் சொல்லும் லஸ் ஆலயத்தையும் சேர்த்துக்கொண்டால் ஒரு முழுநாள் சரியாகப் போய்விடும். ஞாயிறு காலையில் மட்டும் சாந்தோமுக்குப் படமெடுக்க வர வேண்டாம். அப்போது அது சுற்றுலாத் தலமாக இருப்பதில்லை.

கடைசியாக அந்தப் படம். கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் சாந்தோம் பேராலயத்தின் முகப்பு என்ற குறிப்போடு வெளியான படம் சாந்தோமே அல்ல. உயரமான தூண்களோடு நிற்கும் அந்தக் கட்டடம் கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயம். 1815-இல் ஆங்கிலிக்கன் சபைக்காகக் கட்டப்பட்டு, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கிவைக்கப்பட்ட இடம். கத்தோலிக்க ஆலயமே அல்ல. வெளியூர்க்காரர்கள் இப்படத்தை ஆட்டோக்காரரிடம் காட்டினால் அவர் சரியாகவே அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார். ஆகவே அடுத்த இதழில் படத்துக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிட்டு, ஏறும்போது 'சாந்தோம் சர்ச்' என்று கேட்கும்படி வாசகர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாப்பூர், சென்னை.