பையை இறக்கி வைத்த அந்தப் பெண்ணுக்கு

என் இடுப்பு என்ன பாடு படுத்தியது என்பது இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. நேற்று யார் கையையும் பிடிக்காமல் மாடி ஏறி இறங்கினேன். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் முதல் நன்றி, பெயர் தெரியாத ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு.

ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்4-எல்5, எல்5-எஸ்1 என்கிற, முதுகெலும்பின் அடிப்பக்கத்து இரண்டு இடத்திலும் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு தேய்ந்திருக்கிறது, எலும்பு முள் வளர்ந்திருக்கிறது என்று வரிக்கு வரி தேய்மானம். இனி படுத்த படுக்கைதான் என்றே தோன்றியது. வேலை முடிந்து, தோளில் பையோடு வீட்டுக்குக் கிளம்பிய அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து நின்றார். “என்னம்மா, ரிப்போர்ட் பார்த்துப் பயந்துட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே பையை இறக்கி வைத்தார்.

உள்ளே அழைத்துப்போய் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றை என் மடியில் வைத்து, என் விரலைப் பிடித்து அந்த இரண்டு இடத்தையும் தொடவைத்தார். உடம்பின் பாரம் அதிகம் இறங்குவது அங்கேதான், அதனால் பெரும்பாலும் தேய்மானமும் அங்கேதான் தெரியும் என்றார். வயது ஏற ஏற ஜவ்வில் நீர்ச்சத்து குறையும், உயரம் குறையும். “தலை நரைக்கிற மாதிரிதாம்மா. வலியே இல்லாதவங்களை ஸ்கேன் எடுத்தாலும் இது இருக்கும்.” 2015ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பும் அதையே சொல்கிறது. வலி இல்லாதவர்களிலேயே 20 வயதில் 37 சதவீதம் பேருக்கும், 60 வயதில் 88 சதவீதம் பேருக்கும் ஜவ்வுத் தேய்மானம் தென்படுகிறதாம். எனக்கு வந்த வலி பொய் என்று அவர் சொல்லவில்லை. தேய்மானம் அப்படியே இருக்க, வலி மட்டும் குறையலாம் என்றார். அது எனக்கு எவ்வளவு பெரிய செய்தி!

அப்புறம் செய்ததைத்தான் மறக்க முடியவில்லை. காலியாக இருந்த கட்டிலில் அவரே படுத்துக் காட்டினார். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்தாற்போல் ஒருக்களித்து, இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழுந்தார். “இப்ப நீங்க” என்றார். உயிர் போகாமல் நான் எழுந்து உட்கார்ந்தது அதற்கப்புறம்தான். ராத்திரியில் ஜவ்வு நீரை இழுத்துக்கொண்டு உப்பியிருக்கும், அதனால் எழுந்ததும் சட்டென்று குனியாதீர்கள் என்பதையும் அவர்தான் சொன்னார்.

இடுப்பு வலி என்றாலே ‘அசையாமல் படு’ என்கிறோம். அது சரியில்லை. வளர்ந்தவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக்குழாய் கிடையாது, சத்து பக்கத்து எலும்பிலிருந்து ஊறித்தான் வர வேண்டும். நாள்கணக்காகப் படுத்தால் தசையும் வலுவிழக்கும். வலி இடம்கொடுக்கிற அளவுக்கு நடமாடுவதே நல்லது. ஆனால் கால் செயலிழந்துகொண்டே போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அது அவசர சிகிச்சை. இதையும் அந்தப் பெண் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று பொறுமையாக விளக்கிய டாக்டர், என் வேலையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட சக ஊழியர்கள், ராத்திரியெல்லாம் விழித்திருந்த என் மகள், முகம் சுளிக்காமல் செருப்பு மாட்டிவிட்ட மருமகன், தினமும் விசாரித்த நீங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

நடைப்பயிற்சியை இனி விடமாட்டேன். அடுத்த தடவை பரிசோதனைக்குப் போகும்போது அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு, அவருடைய துறைத் தலைவருக்கு என் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கப்போகிறேன்.