குருத்து அழுகிய 7 பெரணிகள்: புகார்

அனுப்புநர்: தோட்டக் குழு, குடியிருப்போர் நலச் சங்கம், பெங்களூரு.
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், இணையவழிச் செடி விற்பனை நிறுவனம்.
பொருள்: பேர்ட்ஸ் நெஸ்ட் பெரணிகள் 12: தவறான பராமரிப்பு அட்டை, தவறான நடவு, மாற்றுச் செடி தர மறுத்தது.

ஐயா / அம்மையீர்,

உங்களிடம் வாங்கிய 12 பெரணிகளில் (ஃபெர்ன் செடிகளில்) 7 அழுகிவிட்டன. படத்தோடு புகார் அனுப்பியதற்கு, "வெயிலில் வைத்ததால் பட்டுப்போனது, மாற்றித் தர இயலாது" என்று பதில் எழுதினீர்கள். வெயில் தாக்கினால் இலை வெளுக்கும், பழுப்புத் திட்டு விழும், தொட்டால் மொறுமொறுக்கும். இவற்றிலோ வெளி இலைகள் பச்சையாகவே இருக்கின்றன. நடுக்குருத்து மட்டும் கறுத்து, லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடுகிறது. செடிகள் இருப்பதும் வடக்குப் பார்த்த வராந்தாவில். பிப்ரவரியில் அங்கே நேர்வெயில் எட்டாது.

அழுகலுக்குக் காரணம் உங்கள் அட்டைதான். "தினமும் செடியின் நடுவில் 200 மில்லி தண்ணீர் ஊற்றவும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். காட்டில் மழை நடுவில்தானே விழுகிறது என்று உங்கள் பணியாளர் தொலைபேசியில் கேட்டார். விழுகிறது. ஆனால் அங்கே இந்தப் பெரணி மரக்கிளையில் தொற்றி வளர்கிறது. வேரைச் சுற்றி உதிர்ந்த சருகுதான், மண் இல்லை. தண்ணீர் வடிந்துவிடும், மிச்சத்தைக் காற்று உலர்த்திவிடும். காற்றோட்டம் குறைந்த வராந்தாவில் தினமும் ஊற்றினால் குருத்துக்குழி காய்வதே இல்லை. தொட்டியில் மேல் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு, தொட்டி விளிம்பை ஒட்டி, அடித்துளையில் வடியும்வரை ஊற்றுவதே முறை. நாள் கணக்கு உதவாது. விரல் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இந்தத் தவறை நடவு இன்னும் மோசமாக்கியது. தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தால் முழுக்கக் களிமண் கலந்த செம்மண். குருத்தின் அடி ஓர் அங்குலம் மண்ணுக்குள் புதைந்திருந்தது. இந்தப் பெரணியை நட மண் வேண்டாம்: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, அடுப்புக்கரித் துண்டு 1 பங்கு போதும். கோகோபீட்டை இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாவிட்டால் அதிலுள்ள உப்பே இலை நுனியைக் கருக்கும். உயிரோடிருந்த 5 செடிகளையும் குருத்து மேலே தெரியும்படி இந்தக் கலவையில் மாற்றி நட்டாயிற்று. செலவு ரசீது இணைப்பில் உள்ளது.

அட்டையின் பின்பக்கம் இன்னொரு கூத்து: "இலையடியில் பழுப்புக் கோடுகள் தெரிந்தால் செதில் பூச்சி, எண்ணெய்க் கரைசல் தெளிக்கவும்." அந்தக் கோடுகள் பெரணியின் வித்துத்தூள் (விதைக்குப் பதில் பெரணி பரவ உதவும் தூள்) வரிசைகள். நடுநரம்பிலிருந்து சீப்புப் பல்போலச் சாய்வாக, ஒரே இடைவெளியில் ஓடி, விளிம்புக்கு முன்பே நின்றுவிடும். செதில் பூச்சி அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும், சில வகைகளில் இலையிலும் பிசுபிசுப்பு இருக்கும். முதிர்ந்த, ஆரோக்கியமான செடியைப் பார்த்து நோய் என்கிறது உங்கள் அட்டை. பெரணித் தளிருக்கோ எண்ணெய்த் தெளிப்பு எளிதில் ஒத்துக்கொள்வதில்லை.

ஆகவே, 7 செடிகளுக்கு மாற்று அல்லது முழுப் பணம், மறுநடவுச் செலவு ஆகியவற்றைத் தர வேண்டும். அட்டையைத் திரும்பப் பெற வேண்டும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் எதிர்பார்க்கிறோம். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்வோம்.

இணைப்பு: வாங்கிய ரசீது, மறுநடவு ரசீது, அட்டையின் இரு பக்கப் படங்கள், அழுகிய குருத்துகளின் படங்கள்.

இப்படிக்கு,
தோட்டக் குழுவினர்