தூண்டிற்காரர் சங்கத்தின் ஆண்டறிக்கை: சல்மன் வகுப்பும் களனி முகத்துவாரமும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், சங்க அங்கத்தவர்களுக்கும் வணக்கம். 2024/25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சந்தா நிலுவை பற்றி இங்கே எழுதினால் அறிக்கை நீளும். உரியவர்களுக்கு அது தெரியும்.

சல்மன் வகுப்பு

இவ்வாண்டு அதிகம் பேசப்பட்டது, கனடாவில் சல்மன் மீனைத் தூண்டிலில் பிடிப்பது பற்றிய இந்த வகுப்புத்தான். எமது அங்கத்தவர்களில் பலருக்குப் பிள்ளைகள் ரொறன்ரோ, ஸ்காபரோ, ஏஜாக்ஸ் பக்கம் இருக்கிறார்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் அங்கே போகிறவர்கள் தூண்டில் பிடிக்கக் கேட்பது இயல்பு. வகுப்பில் சொன்னவற்றை எழுத்தில் தரும்படி பலர் கேட்டதால் விரிவாகவே பதிகிறேன்.

இலங்கை ஆறுகளில் சல்மன் கிடையாது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த ட்ரவுட் மட்டும், வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்டதால், ஹோர்ட்டன் சமவெளி போன்ற குளிர்ந்த மலை ஓடைகளில் இருக்கிறது. ஒன்ராறியோ ஏரியிலும் இன்று அதிகம் பிடிபடும் சினூக் சல்மன் அந்த ஏரிக்குச் சொந்தமானதல்ல. அங்கே இயல்பாக வாழ்ந்த அத்திலாந்திக் சல்மன், அணைகளாலும் காடழிப்பாலும் அளவுமீறிய மீன்பிடியாலும் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அற்றுப்போனது. 1960களின் இறுதியிலிருந்து பசிபிக் கரைச் சல்மன்களைக் குஞ்சுகளாக விட்டு வளர்த்தார்கள். சினூக் பெரும்பாலும் மூன்று, நான்கு வருடம் ஏரியில் கொழுத்து, பிறந்த அல்லது விடப்பட்ட ஆற்றுக்கே திரும்பி, ஒரேயொரு முறை முட்டையிட்டுச் செத்துவிடும். கிரெடிட், ரூஜ், டஃபின்ஸ், கனரஸ்கா ஆகியவை பெயர்பெற்ற ஆறுகள். ரூஜும் டஃபின்ஸும் ஸ்காபரோ, ஏஜாக்ஸ் குடும்பங்களுக்குக் கிட்ட.

ஓகஸ்ட் கடைசியில் மீன் ஆற்றுவாய்களில் கூடும். செப்டெம்பர் நடுப்பகுதி தொடங்கி ஒக்டோபர் முதல் வாரங்கள் வரை மீன் ஆற்றில் ஏறுவது உச்சம். திகதியை நம்ப வேண்டாம். மழையையும் குளிரையும் பாருங்கள். நல்ல மழை பெய்து, நீர்மட்டம் உயர்ந்து, மறுபடி இறங்கத் தொடங்கும் வேளைதான் சரியான வேளை. அப்போது தண்ணீர் கலங்கலாக, ஒன்றிரண்டு அடி ஆழம் வரை கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். பால்தேநீர் நிறமானால் ஒருநாள் பொறுங்கள். கண்ணாடிபோலத் தெளிந்து வற்றினால் மீன் ஆழமான மடுக்களில் ஒடுங்கிவிடும். விடியலின் முதல் வெளிச்சம் மிக நல்ல நேரம், ஆனால் தண்ணீர் கலங்கலாக இருந்தால் பகலிலும் மீன் பிடிபடும்.

முக்கியமாக, ஆற்றுக்குள் வந்த சினூக் இரை தின்பதில்லை. குடல் சுருங்கிவிடும். அது வாயைத் திறப்பது எரிச்சலிலும் பழக்கத்திலும், தன் இடத்தைக் காக்கும் வேகத்திலுந்தான். பசித்த பாரைக்கு எறிவதுபோல எறிந்தால் நடக்காது. மீன் நிற்கும் ஓடையை அறிந்து, இரையை அதன் மூக்குக்கு நேரே, நீரோட்டத்தின் வேகத்திலேயே, திரும்பத் திரும்ப மிதக்கவிட வேண்டும்.

அதற்கு மிதவைக் கோல் வேண்டும். 11 முதல் 13 அடி நீளம், நுனி மென்மை. 4000 அளவு ரீல் போதும். அதில் 15 இறாத்தல் மொனோ (ஒற்றை இழை) தங்கூசி, குறைந்தது 180 மீற்றர். 8 முதல் 11 கிராம் வரை தாங்கும் மிதவை, அதற்குக் கீழே ஈயக் குண்டுகள், ஒரு சிறிய சுவிவல் (சுழலும் இணைப்பு), பிறகு 10 அல்லது 12 இறாத்தல் ஃப்ளோரோகார்பன் அடித்தங்கூசி 18 முதல் 24 அங்குலம், கடைசியில் 4 அல்லது 6ஆம் இலக்க முள். அடித்தங்கூசி மேல் தங்கூசியைவிடப் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும். கல்லில் மாட்டினால் முள் மட்டும் போகும், மிதவை மிஞ்சும்.

ஆழம் வைப்பதில்தான் பாதி வேலை. இரை அடித்தரையிலிருந்து அரை அடி தொடக்கம் ஓர் அடி வரை மேலே போகவேண்டும். மிதவையின் தலை ஆற்றோட்டத் திசையில் சாய்ந்தால் இரை தரையில் இழுபடுகிறது, ஆழத்தைக் குறையுங்கள். நிமிர்ந்தோ, இலேசாகத் தங்கூசிப் பக்கம் சாய்ந்தோ போனால் சரி. மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும். எனவே மிதவையை மெல்லப் பிடித்துவைத்து, நுரையைவிடச் சற்று மெதுவாக விடவேண்டும். தங்கூசி நீரில் வளைந்து கிடந்தால் மிதவையை அது இழுத்துவிடும். நீண்ட கோலைக் கேட்பது இதற்காகத்தான்: தங்கூசியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்திருக்கலாம்.

இரை சினைப்பொதி. இறுக்கமான புதிய சினையைத் துண்டாக்கி, போரக்ஸ் அல்லது அயடீன் சேராத உப்புத் தூவி, காகிதத்தில் நீர் வடியவிட்டுக் குளிரூட்டியில் வைக்க வேண்டும். பின் கட்டைவிரல் நகத்தளவு எடுத்து, 3 அங்குலச் சதுர வலைத்துணியில் சுற்றி இழுபடும் நூலால் கட்ட வேண்டும். பெரிய பொதி கலங்கலுக்கு, சிறியது தெளிநீருக்கு. போரக்ஸ் இட்ட சினை சமையலறைப் பக்கமே போகக்கூடாது. குளிரூட்டியில் வேறாக மூடி, பெயர் எழுதி வையுங்கள்.

முகத்துவாரத்தில் நாம் பாவிக்கும் 7 அடிக் கோலும் 30 இறாத்தல் பின்னல் தங்கூசியும் அந்த ஆறுகளுக்கு ஆகாது. பின்னல் தங்கூசி இழுபடாது. மீன் தலையை உதறினால் முள் கிழித்துக்கொண்டு வரும். கல்லில் உரசினால் அறுந்துவிடும். கொண்டுபோகக் கூடியது ரீல், பளபளப்புத் தகடுகள், நீரின் பளபளப்பை மறைக்கும் துருவமுனைக் கண்ணாடி ஆகியவை. 15 முதல் 20 கிராம் தகடுகளை, மும்முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டி, ஆற்றுவாய்த் துறைகளில் விடியுமுன் எறியலாம்.

இனி, வகுப்பில் அதிக வாக்குவாதத்தைக் கிளப்பிய விடயம். ஒடுங்கிய ஆற்றில் பெரிய மீன்கள் தோளோடு தோள் நிற்கும்போது, கனமான ஈயமும் நீண்ட அடித்தங்கூசியும் போட்டுக் குறுக்கே இழுத்தால், தங்கூசி மீனின் திறந்த வாய்க்குள்ளால் போய் முள் வெளிப்பக்கத்தில் குத்தும். இன்னும் சிலர் வெளிப்படையாகவே வெட்டி இழுத்து முதுகிலும் வாலிலும் குத்துவார்கள். மீன் மாட்டிக்கொண்டதுதானே என்று கேட்டவர்களுக்கு விடை: ஒன்ராறியோவில் வேண்டுமென்று குத்தி இழுப்பது குற்றம். தற்செயலாக வாய்க்கு வெளியே குத்தினாலும் அந்த மீனை உடனே விட்டாக வேண்டும். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், வாலில் குத்திய 20 இறாத்தல் மீனை 12 இறாத்தல் தங்கூசியால் திருப்ப முடியாது. நீங்கள் அரை மணி நேரம் அதன் பின்னால் ஓடுவீர்கள். மற்றவர்களின் தங்கூசியும் சிக்கும். மீனும் களைத்துச் சாகும். அடித்தங்கூசியைக் குட்டையாக, மிதவைக்கு நேர்கீழே வைப்பது இதற்கும் மருந்து. மிதவை தாழ்ந்தால் மட்டும் கோலை உயர்த்துங்கள்; ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு, அதை விடுங்கள்.

மீன் மாட்டினால் ரீலின் ட்ராக் (தங்கூசியை விடும் இறுக்கம்) மூன்று, நான்கு இறாத்தல் இழுவைக்கே தங்கூசியை விடும்படி இருக்கட்டும். முதல் ஓட்டத்தில் பிடித்து நிறுத்தவே கூடாது. அறுகிறவற்றில் பெரும்பாலானவை அப்போதுதான் அறுகின்றன. அறுவதற்கு அடுத்த காரணம் ஆற்றில் கிடக்கும் மரக்கட்டை. கோலைப் பக்கவாட்டில் சாய்த்து, மீனின் தலையைக் கரைப் பக்கம் திருப்பி, நீங்கள் ஆற்றோடு கீழே நடந்து மீனுக்கு நேரே வாருங்கள். வலையைத் தண்ணீரில் தாழ்த்தி வைத்து, தலையை முதலில் உள்ளே கொண்டுவாருங்கள். விடும் மீனைக் கல்லின் மேல் போடாமல், தலை ஓட்டத்தை எதிர்த்து இருக்கும்படி பிடித்து, தானே உதைத்துப் போகும்வரை பொறுங்கள். ஆழங்குறைந்த கூழாங்கல் தரையில் வெளிறிய வட்டங்கள் தெரிந்தால் அவை பெண்மீன் வாலால் தோண்டிய முட்டைக் குழிகள். அவற்றின் மேல் நடக்கவும் கூடாது, அங்கே நிற்கும் மீனுக்கு எறியவும் கூடாது.

அனுமதிப்பத்திரம் பற்றி: கனடாவில் வசிப்பவருக்கு 65 வயதில் கிடைக்கும் சலுகை, இங்கிருந்து போகும் தாத்தாவுக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர் 18 வயது தொடக்கம் எந்த வயதானாலும் ஒன்ராறியோ அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். மகனின் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிற்பது பலிக்காது. பருவ முடிவும் ஆற்றின் பகுதிக்குப் பகுதி மாறும். பல மேற்பகுதிகள் செப்டெம்பர் 30உடன் மூடப்படும், சில கீழ்ப்பகுதிகள் டிசம்பர் 31 வரை திறந்திருக்கும். அவ்வாண்டின் விதிச் சுருக்கத்தைப் படித்துவிட்டே இறங்குங்கள். பிடித்த மீனையோ சினையையோ விற்பது குற்றம்.

உண்பதைப் பற்றி அம்மாமார் கேட்ட கேள்விகள் ஏராளம். ஆற்றுக்குள் வந்து நாளான சினூக் கறுத்து, சதை வெளிறி, மெழுகுபோல ஆகிவிடும். குழம்பு எவ்வளவு உறைத்தாலும் அதைக் காப்பாற்றாது. வெள்ளி நிறம் மாறாமல் ஆற்றுவாயில் பிடிபட்டதுதான் உண்ணத்தக்கது. அதிலும் ஏரியின் பெரிய மீன்களில் பிசிபி என்ற நச்சு இரசாயனம் சேர்ந்திருப்பதால், மாதத்தில் எத்தனை வேளை உண்ணலாம் என்று மாகாண அரசு அளவுவாரியாக வழிகாட்டி வெளியிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் வரம்பு இன்னும் குறைவு. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்குங்கள். சினைப் பொரியல் நமக்குப் பிரியந்தான். இந்த ஏரி மீனில் அதை விட்டுவிடுவதே நல்லது.

முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குபவர்கள் இறப்பர் நீள்காற்சட்டைக்கு மேல் இடுப்புப் பட்டி கட்டாமல் இறங்கக்கூடாது. விழுந்தால் அதற்குள் தண்ணீர் நிறைவதைத் தடுப்பது பட்டிதான். ஒக்டோபர் ஆற்றுநீரின் குளிரில் சில நிமிடங்களிலேயே விரல்கள் விறைக்கும்.

களனி முகத்துவாரம்

நமது ஆற்றில் இதற்கு நேர்மாறான பயணம் நடக்கிறது. கொடுவா ஆற்றிலும் களப்பிலும் வளர்ந்து, முட்டையிட உவர்நீரைத் தேடி முகத்துவாரத்துக்கு இறங்கும். விலாங்கு அதையும் தாண்டி ஆழ்கடலுக்கே போய்விடும். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர் பெண்ணாக மாறும் மீன். ஆகவே நாம் படம் எடுத்து மகிழும் மிகப் பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய எல்லாமே பெண்கள். பெரியதைக் கொன்று சிறியதை விடும் பழைய வழக்கம் இந்த மீனுக்குப் பொருந்தாது. 80 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கொடுவாவை விட்டுவிடுவதென்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. எதிர்ப்பு இருந்தது, கூட்டக்குறிப்பில் அதுவும் உண்டு.

பருவமழையில் ஆறு பெருகினால் மண்நிற நன்னீர் மேலேயும் உப்புநீர் அடியிலும் ஓடும். வரட்சியில் அதே உப்புநீர், கொழும்புக்குக் குடிநீர் தரும் அம்பத்தலை நீரேற்று நிலையத்தையே அச்சுறுத்தும் அளவு மேலே ஏறிவிடும். பொங்குமுகத்தில் கலங்கலும் கடல்நீரும் சந்திக்கும் கோட்டில் எறிபவருக்கே கொடுவா. உயிர் இறாலைக் கொம்பின் கீழ், கறுப்புப் புள்ளியைத் தொடாமல் குத்துங்கள். புள்ளியில் பட்டால் இறால் உடனே செத்துவிடும். அடித்தங்கூசி 40 இறாத்தலுக்குக் குறையக்கூடாது. கொடுவாவின் செவுள்மூடி சவர அலகுபோன்றது. தங்கூசியையும் விரலையும் ஒரேமாதிரி அறுக்கும். வெள்ளத்தோடு ஆகாயத்தாமரை மிதந்து வரும் நாட்களில் கனமான ஈயம் போட்டும் பயனில்லை, ஆற்றுவாயை விட்டுக் காக்கைத்தீவுப் பக்கம் நகர்வதே புத்தி.

வெள்ளநீரில் நிற்பவர்கள் காலில் புண்ணோ கீறலோ இருந்தால் இறங்க வேண்டாம். பின்னர் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றுநீரில் நின்றதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலில் காலம் தாழ்த்துவது ஆபத்து.

ஏனையவை

கரையில் அறுந்து கிடக்கும் தங்கூசியைச் சேர்க்க மட்டக்குளிப் பக்கம் வைத்த குழாய்ப் பெட்டி பாவனையில் உள்ளது. அதற்குள் சிகரெட் துண்டு போடுகிறவர்கள் அங்கத்தவர்களா என்று தெரியாது, இருந்தால் நிறுத்துங்கள். பேருந்தில் கோல் கொண்டுபோவது பற்றிய முறைப்பாடுகளுக்கு உறை போடுவதைத் தவிர வேறு வழி நிர்வாகக் குழுவுக்குத் தோன்றவில்லை.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகளை வைக்கிறேன். ஒன்று, 80 சென்ரிமீற்றர் விதியை யாப்பில் சேர்ப்பது. இதற்கு இன்று வாக்கெடுப்பு. மற்றது, ஊர் திரும்பிய அங்கத்தவர் ஒருவர் சங்கத்துக்குத் தந்த 13 அடி மிதவைக் கோலை, கனடா போகிறவர்களுக்கு இரவல் கொடுப்பது. வைப்புப்பணம் வேண்டும், விமானத்தில் கடினக் குழாய்க்குள் மட்டுமே அனுப்ப வேண்டும், நுனி முறிந்தால் இரவல் எடுத்தவர் மாற்றித் தரவேண்டும். விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் உபசெயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

செயலாளர்
கொழும்பு 15